சம்பந்தமில்லாத சாட்சி

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் கிராம நிர்வாக அலுவலர் சுடலைமணி வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார் என்பவர் தபால் நிலையத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பேனா மாதிரி. கையெழுத்துத் தேவைப்படுகிறவர் யாரும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்த முறை விஷயம் பெரியது. துறைமுகத்திலிருந்து கேரளாவுக்குப் போகும் மீன் லாரிகள் நம் ஊரைத் தாண்டித்தான் நெடுஞ்சாலையில் போகின்றன. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் ரத்தமும் லாரியின் அடித்தளத்தில் தேங்கும். அதை வழியில் திறந்துவிடக் கூடாது, ஒவ்வொரு லாரியிலும் தொட்டி பொருத்தி அதில் பிடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது, தண்ணீர் சாலையில் கிடக்கிறது. விதியை அமல்படுத்துமுன் எங்கே திறக்கிறார்கள், எவ்வளவு, யாருக்கு என்ன கெடுதல் என்று அரசு விசாரித்தாக வேண்டுமாம். நியாயம்தான். விடைத்தாளைத் திருத்தாமல் மதிப்பெண் போட முடியாது.

மாவட்டத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். அவர் பார்ப்பதைக் கூட இருந்து பார்த்துக் கையெழுத்திட உள்ளூரில் இரண்டு சாட்சிகள் வேண்டும். கடைசியில் கலெக்டர் முன்னால் விசாரணை நடக்கும். லாரி உரிமையாளர் சங்கமும் வக்கீல் வைத்துப் பேசும்.

“சம்பந்தமில்லாத ஆளா இருக்கணும் சார்” என்றார் சுடலைமணி. “லாரிக்காரனுக்குச் சொந்தமும் ஆகாது, லாரிக்காரன ஆகாதவனும் ஆகாது. ஊரச் சலிச்சுப் பாத்துட்டேன். மிஞ்சுனது நீங்க ஒருத்தர்தான்.”

எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டேன். ஓடைப்பாலத்து வளைவில் என்றார். அவர் ஜூலையில்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர்.

சரி என்றேன்.

உளுந்து ஊறப் போட்டேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்பது இன்னும் கைக்கு வரவில்லை. கிரைண்டர் நிறைந்து வழிந்தது. பீரோவுக்கு அடியில் ஒரு பை இருக்கிறது, வண்ணார் வந்தால் போட வேண்டியது. மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சாயங்காலம் வளைவுக்குப் போனேன். வளைவை ஒட்டி இசக்கியப்பனின் பஞ்சர் கடை இருக்கிறது. இரண்டாவது சாட்சி அவர்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். நாற்காலியை எடுத்து வந்து பாலத்தைப் பார்க்காதபடி திருப்பிப் போட்டார். நான் அதைப் பாலம் தெரிகிற மாதிரி மறுபடி திருப்பிக்கொண்டேன். பாலம் தெரியாமல் எப்படிச் சாட்சி சொல்வது?

பொறியாளர் பெயர் மதிவதனி. தர்மபுரிப் பக்கம். நம் மகள் பியூலாவின் வயதுதான் இருக்கும். ஏன் எல்லா லாரியும் இந்த ஒரே இடத்தில் திறக்கின்றன என்று கேட்டாள். டீ டம்ளரைக் கையில் வைத்துக் காட்டினேன். நேராகப் பிடித்தால் அடியில் கொஞ்சம் தங்கும். சாய்த்தால் முழுதும் வந்துவிடும். வளைவில் சாலை ஒரு பக்கமாகச் சரிகிறது. லாரி சாயும் பக்கத்தில்தான் குழாய் இருக்கிறது. குழாயில் அடைத்திருக்கும் துணியைக் கிளீனர் இங்கே பிடுங்கிவிட்டால், பாலம் ஏறுவதற்குள் வண்டி காலி. யாரும் நிற்க வேண்டியதில்லை. “பாடமா நடத்திட்டீங்க சார்” என்று சிரித்தாள்.

இருட்டுவதற்குள் ஒன்பது லாரிகள் திறந்தன. வாடை காற்றில் நிற்கிறது. அவள் மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

நினைவுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். மே மாதக் கடைசியில், கோவிலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போன என் மனைவி புஷ்பத்தின் ஸ்கூட்டி இந்த வளைவில் வழுக்கியது. ஓடி வந்து தூக்கியவர் இசக்கியப்பன். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. ஜூன் இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருதயம் நின்றுவிட்டது. சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது, நீண்ட நாள் சர்க்கரை என்றும் இருக்கிறது. போலீசுக்கு யாரும் சொல்லவில்லை. ஆளைத் தூக்குகிற நேரத்தில் யாருக்கும் போலீஸ் ஞாபகம் வராது.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று சாலையில் ஓடிய தண்ணீரைப் புட்டிகளில் பிடித்துச் சீல் வைத்தார்கள். ஆய்வகம் போகும்வரை ஐஸில் இருக்க வேண்டும். அலுவலகத்து ஐஸ் பெட்டியின் மூடி உடைந்துவிட்டது என்று தலையாரி சந்தைக்கு ஓடிப்போய் ஒரு தெர்மாக்கோல் பெட்டியும் ஐஸும் வாங்கி வந்தார். மதிவதனி புட்டிகளை அடுக்கினாள், சுடலைமணி போட்டோ எடுத்தார். எல்லோருக்கும் திருப்தி.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ரூபி, குளித்துவிட்டு வாருங்கள், நெத்திலிக் குழம்பு தருகிறேன் என்றாள். வாங்கிப் பூனைக்கு வைத்தேன். இப்போதெல்லாம் மீன் எடுப்பதில்லை. முள் பார்த்துச் சாப்பிடக் கண் சரியில்லை, அதுதான் காரணம். சட்டையை மட்டும் உடனே நனைக்காமல் கொடியில் போட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஒரு மீன் லாரி டயர் வெடித்து இசக்கியப்பன் கடையிலேயே நின்றது. டிரைவர் பெர்க்மான்ஸ், கடற்கரை ஆள், நாற்பது வயது இருக்கும். நாங்கள் யார் என்று தெரிந்தும் பக்கத்திலேயே குந்தி பீடி பற்றவைத்தார்.

துறைமுகத்தில் லாரியைக் கழுவ இடமில்லை, முதலாளியிடம் தொட்டி கேட்டால் இந்தச் சீசன் போகட்டும் என்கிறார், தண்ணீரோடு மலை ஏறினால் வண்டி ஆடுகிறது, கேரளா எல்லையில் சொட்டினால் அங்கே அபராதம். ஒவ்வொன்றாகச் சொன்னார், மதிவதனி குறித்துக்கொண்டாள். எதிலும் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. நான்கு பக்கமும் அடைத்த பாத்திரத்தில் தண்ணீர் எந்த ஓட்டை கிடைக்கிறதோ அதில் போகும். அந்த ஓட்டை நம் ஊர்.

மதிவதனி போன் வந்து தள்ளிப் போனதும் அவராகவே சொன்னார்: “ஆனா நான் இப்ப இந்த வளைவுல திறக்குறது இல்ல சார். மே மாசம் ஒரு அம்மா இதுல விழுந்துட்டாங்கன்னு பேச்சு. அன்னைலேருந்து பாலந் தாண்டித்தான் திறக்கேன்.”

இசக்கியப்பன் சக்கரத்தில் கம்பியை ஓங்கி ஓர் அடி அடித்தார். “பாலந் தாண்டுனா அங்க அம்மாமாரு யாரும் வர மாட்டாங்களோ?” என்றார்.

பெர்க்மான்ஸ் பீடியைப் பார்த்தபடி இருந்தார். “அந்தம்மா பொழச்சுட்டாங்கல்லா?” என்று கேட்டார்.

இசக்கியப்பன் என்னைப் பார்த்தார். நான் மதிவதனியைப் பார்த்தேன். அவள் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆம்புலன்ஸில் வீட்டுக்குத்தான் வந்தாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வண்ணார் வந்தார். படுக்கை விரிப்பு, நான்கு வேட்டி போட்டேன். பை ஞாபகம் வரவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

இப்போது நான் சாயங்காலம் ஐந்து மணிக்கே போய்விடுகிறேன். ஈரமான இடத்தில் மணல் தூவுவது முன்பு இசக்கியப்பனின் வேலையாக இருந்தது. அவருக்குக் கடையைப் பார்க்க வேண்டும் என்பதால் நான் எடுத்துக்கொண்டேன். ஓடையிலிருந்து கூடையில் அள்ளி வந்து, கோலப்பொடி தூவுவதுபோலக் கை உயரத்திலிருந்து தூவினால் சீராக விழும். குவித்துப் போட்டால் அதுவே ஆளைச் சறுக்கிவிடும்.

இன்று ஒரு லாரி திறந்து, நான் கூடையோடு வருவதற்குள், கணவனும் மனைவியும் ஒரு குழந்தையும் வந்த டி.வி.எஸ். விழுந்துவிட்டது. குழந்தை தாயின் மடியிலேயே விழுந்ததால் தப்பியது. கணவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, முதலில் சேலையை மோந்து பார்த்தாள். “ஐயே, மீன் தண்ணி” என்று முகத்தைச் சுளித்தாள்.

நான் கூடையைக் கீழே வைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு இசக்கியப்பன் கடை பெஞ்சில் படுத்திருந்தேன். மதிவதனி விசிறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததுதான் என்று சொன்னேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன், மூன்று இட்லி.

செப்டம்பர் 18, புதன்

மாதிரிகள் தள்ளுபடி.

தலையாரி வாங்கி வந்த தெர்மாக்கோல் பெட்டி மீன் சந்தையில் பாரை மீன் இருந்த பெட்டி. சுடலைமணி எடுத்த போட்டோவில் பெட்டியின் பக்கவாட்டில் மீன் கம்பெனியின் பெயர் நீலநிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. புட்டிக்குள் இருப்பது சாலைத் தண்ணீரா, பெட்டித் தண்ணீரா என்று சங்கத்து வக்கீல் எழுதிக் கேட்டுவிட்டார். புட்டிகள் சீல் வைத்தவை என்றாலும் ஆய்வகம் பின்வாங்கிவிட்டது. கெட்டுப்போன மீனைக் கண்டுபிடிக்க மீன்கடைப் பூனையைக் கூட்டிப்போன கதை.

மறுபடி எடுக்கலாம் என்றால், விஷயம் தெரிந்த லாரிகள் இப்போது பாதிக்கு மேல் வேறு வேறு இடங்களில் திறக்கின்றன. மழைக்காலமும் வருகிறது. மழை பெய்தால் சாலையில் எது எந்தத் தண்ணீர்? எனவே மிஞ்சியிருப்பது கண்ணால் கண்ட சாட்சியம் மட்டும். அது தவறினால் இந்த விசாரணை மூடப்படும், அடுத்தது எப்போது என்று தனக்கே தெரியாது என்றாள் மதிவதனி. அழுகிற நிலையில் இருந்தாள். தலையாரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

நேரில் கண்டதைப் பதியும் மகஜரை எழுதி முடித்தார்கள். எழுதியதைச் சாட்சிகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், சாட்சிகள் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது முறை. மதிவதனி நன்றாகப் படித்தாள், நிறுத்தி, தெளிவாக. நாள், நேரம், லாரி எண்கள், வளைவின் சரிவு. கடைசியில் விளைவுகள். துர்நாற்றம். ஓடை நீர் மாசு. சாலை வழுக்கல். சிறு காயங்கள், ஒரு நிகழ்வு. “உயிர்ச்சேதம் ஏதுமில்லை.”

இசக்கியப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்கள். போட்டேன். அவரும் போட்டார். எழுதத் தெரிந்தவர், ஆனால் இன்று கைநாட்டு வைத்தார். ஏன் என்று சுடலைமணி கேட்டதற்கு, கை கிரீஸாக இருக்கிறது என்றார்.

வரும் வழியில் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். “சார், நான் சொல்லிருதேன். அந்தப் புள்ள நல்ல புள்ள, புரிஞ்சுக்கிடும்” என்றார். வேண்டாம் என்றேன். அவருடைய சாட்சியம் எப்படியும் நிற்காது. போன வருஷம் ஒரு மீன் லாரி அவர் கடைத் தகரத்தை இடித்ததற்குப் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். வக்கீல் அதைக் கண்டுபிடித்துவிட்டாராம். லாரிக்காரரை ஆகாதவர் ஆகிவிட்டார். இப்போது நிற்பது என் ஒரு கால்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் மதிவதனி நிற்கிறாள். இசக்கியப்பன் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. உள்ளே வந்து, சுவரில் புஷ்பத்தின் படத்தைப் பார்த்தாள். படம் வைத்த பிறகு இந்த வீட்டுக்கு வந்து அதைப் பார்க்காதவர் மாதிரி நடிக்காத முதல் ஆள் அவள்தான். நேராகப் போய் அதன் முன்னால் நின்றாள்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கூடிவிட்டது. முழுதும் குடித்தாள்.

“நீங்க முதல்லயே சொல்லியிருந்தா உங்களைச் சாட்சியா போட்டிருக்க மாட்டேன் சார்” என்றாள். தெரியும் என்றேன்.

“நாளன்னைக்கு அவங்க வக்கீல் கேப்பாரு. உங்களுக்கோ உங்க குடும்பத்துல யாருக்கோ இதுல பாதிப்பு உண்டான்னு. எல்லா சாட்சிகிட்டயும் கேக்கற கேள்விதான். ஆமான்னு சொன்னீங்கன்னா பகையில பேசறீங்கன்னு சொல்லி எல்லாத்தையும் அடிச்சிருவாங்க. இல்லைன்னு சொல்லச் சொல்லி நான் கேக்க முடியாது. கேக்கவும் மாட்டேன்.”

காலி டம்ளரைக் கீழே வைத்தாள். அம்மா எப்படிப்பட்டவங்க என்று கேட்டாள். என்ன சொல்வது? ஐம்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள். கற்றுக்கொடுத்தவன் நான், அதாவது பின்னால் உட்கார்ந்து பிரேக், பிரேக் என்று கத்தியவன். ஒருநாள் வண்டியை நிறுத்தி, இறங்குங்க வாத்தியாரே, உங்க வெயிட்டு இல்லாட்டா எனக்கு நல்லாவே வருது என்று என்னை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனாள். அதைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பியூலாவுக்குப் போன் செய்ய நினைத்தேன். ஆகஸ்டிலிருந்தே அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கோவையில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறாளாம். அம்மா செத்தது மாரடைப்பில் அல்ல, அந்தத் தண்ணீரில் என்று வழக்குப் போட வேண்டுமாம். பணம் வேண்டாம்ப்பா, ஒரு கோர்ட்டு காகிதத்துல அம்மா பேரு வரணும் என்கிறாள். போன் செய்யவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

கலெக்டர் அலுவலகம். பெரிய அறை, ஏ.சி. குளிர். லாரிச் சங்கத்தார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். வக்கீல் இளைஞர்தான், மரியாதையாகப் பேசினார். முதலில் இசக்கியப்பனை எடுத்துக்கொண்டு, தகரப் புகாரைக் காட்டி இரண்டே நிமிடத்தில் உட்கார வைத்துவிட்டார்.

அடுத்து நான். கடவுள் அறிய உண்மையைச் சொல்கிறேன் என்று பிரமாணம் எடுத்தேன். பார்த்ததைச் சொன்னேன். வளைவு ஏன் என்று கலெக்டர் கேட்டார். டம்ளர் உதாரணத்தைச் சொன்னேன். மேஜையிலிருந்த தண்ணீர்க் குவளையை அவரே எடுத்துச் சாய்த்துப் பார்த்தார்.

வக்கீல் எழுந்தார். “ஐயா நீங்க முப்பத்தஞ்சு வருஷம் ஆசிரியரா இருந்தவங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன். ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கோ, உங்க குடும்பத்துல யாருக்குமோ, இந்த லாரித் தண்ணியால எப்பவாவது ஏதாவது பாதிப்பு ஏற்பட்டிருக்கா?”

எதிரே சுவரில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு கரும்பலகை இருந்தது. அதில் யாரோ எதையோ எழுதிச் சரியாக அழிக்காமல் விட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டி.வி.எஸ். பெண் சேலையை மோந்து பார்த்தது ஞாபகம் வந்தது.

“இல்லை” என்றேன்.

“யாருக்குமே?”

“யாருக்குமே இல்லை.”

வக்கீல் தலையசைத்து உட்கார்ந்துவிட்டார். மதிவதனி கையிலிருந்த தாள்களை நேராக்கினாள், ஏற்கெனவே நேராக இருந்தவற்றை. இசக்கியப்பன் எழுந்து வெளியே போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல காற்று.

அக்டோபர் 16, புதன்

மழை.

அக்டோபர் 20, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. காலில் வலி.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆள் விட்டு விசாரிக்க வேண்டியதே இல்லை, செய்தித்தாள் இருக்கிறது. மாவட்டப் பக்கத்தில் வந்திருக்கிறது: தமக்கோ தம் குடும்பத்துக்கோ எந்தப் பாதிப்பும் இல்லாத நிலையிலும் பொதுநலனுக்காகச் சாட்சியம் அளித்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஆசீர்வாதம். ரூபியின் தம்பி அதை போட்டோ பிடித்து பியூலாவுக்கு அனுப்பிவிட்டான், பெருமையாக.

போன் வந்தது. அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. நான் காரணத்தைச் சொன்னேன். ஒரு தராசு என்றேன். ஒரு தட்டில் நாளைக்கு விழப்போகிறவர்கள், இன்னொரு தட்டில் என்று ஆரம்பித்தேன். உதாரணம் பாதியில் நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருஷ வாத்தியார் வேலையில் இப்படி ஆனதில்லை.

“வழக்கு இனி நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாருப்பா” என்றாள். “அது போகட்டும். நீங்க எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அம்மா எதனாலப்பா செத்தா?”

குக்கர் விசில் அடித்தது. அணைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனேன். வந்தபோது போன் துண்டிக்கப்பட்டிருந்தது. சாதம் குழைந்துவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. தொட்டி இல்லாத மீன் லாரி டிசம்பர் முதல் தேதியிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. திறந்துவிட்டால் வண்டி பறிமுதல். துறைமுகத்திலேயே கழுவும் இடம் கட்டித் தர வேண்டும். அதையும் சேர்த்திருக்கிறார்கள். பெர்க்மான்ஸ் சொன்னதை மதிவதனி குறித்துவைத்திருந்தாள். போனில் உத்தரவை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். வாழ்த்துச் சொன்னேன்.

பியூலா போன் செய்து மூன்று வாரமாகிறது. இரவுக்குக் கோதுமை ரவை உப்புமா.

டிசம்பர் 2, திங்கள்

வளைவில் சின்னதாக ஒரு விழா. விதி அமலுக்கு வந்ததற்கு அறிவிப்புப் பலகை திறந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுடலைமணி மைக்கில் பேசினார்: “தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத விஷயத்துக்காக இந்த வயசுல தினமும் வந்து இந்த ரோட்டுல உக்காந்தவர்.” எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல மனிதர், மனதாரச் சொன்னார்.

இசக்கியப்பன் கை தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். பொன்னாடையை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொட்டி பொருத்திய லாரிகள் ஒவ்வொன்றாக வளைவில் சாய்ந்து, நிமிர்ந்து, பாலம் ஏறிப் போயின. ஒன்றிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது. பெர்க்மான்ஸாக இருக்கலாம்.

“வாடையே இல்ல சார்” என்றார் இசக்கியப்பன்.

ஆமாம் என்றேன். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

இன்றும் போய் மணல் தூவினேன். “காஞ்சுதானே சார் கெடக்கு” என்றார் இசக்கியப்பன். இருக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 23, திங்கள்

பியூலா விடியற்காலை பஸ்ஸில் வந்தாள். கிறிஸ்துமஸுக்கு வருவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லாமல் இருந்தது. பெட்டியை வைத்ததும் வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள், அவள் அம்மாவைப் போலவே, வந்தவள் வாசலிலேயே முந்தானையைச் செருகிக்கொண்டு. பீரோவுக்கு அடியில் விளக்குமாறு போயிற்று. பை வெளியே வந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸ் கட்டிக் கொடுத்த பை. முடிச்சு மட்டும் நான் மறுபடி போட்டது. நான் தடுக்கவில்லை. அவிழ்த்தாள். அந்த மஞ்சள் காட்டன் சேலை, விழுந்த அன்று கட்டியிருந்தது. ஒரு பக்கம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

“ஒரு வாடையும் இல்லையேப்பா” என்றாள்.

“இருந்தது” என்றேன். “ஆகஸ்டு வரைக்கும் இருந்தது. அப்புறம் கொறஞ்சுட்டே வந்துச்சு. அதான் நான் அங்கபோய்…”

அவள் சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அக்டோபரில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொள் என்றேன்.

நடந்தே போனோம். இசக்கியப்பன் கடை இன்னும் திறக்கவில்லை. வெயில் அப்போதுதான் பாலத்தின் மேல் ஏறியிருந்தது. வளைவில் நின்று சொன்னேன், பிரமாணம் எதுவும் எடுக்காமல்:

“இங்கதாம்மா. இந்தத் தண்ணியிலதான் விழுந்தா. அதுலதான் போனா.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து தாரைப் பார்த்தாள். “எந்த எடம்ப்பா?” என்று கேட்டாள்.

கையை நீட்டினேன். நீட்டியபடி கொஞ்சம் முன்னால் போனேன், கொஞ்சம் பின்னால் வந்தேன். அந்த ஈரத்தை அடையாளம் வைத்துத்தான் எனக்கு இடம் தெரியும். சாலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மாதிரி, சுத்தமாகக் காய்ந்து கிடந்தது.